சாரதி இல்லாத ரதம்

பார்த்தனுடைய தேரைப் பகவானே ஓட்டினார் என்று சொல்லி, அந்தச் சாரதிக்குத் திருவல்லிக்கேணியில் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஜனங்கள் நாம். அர்ஜுனனைவிட அவனுடைய சாரதிக்குத்தான் நம்மிடையே மதிப்பு அதிகம். இன்றைக்கும் ஊர்ப் பஸ்ஸில் முன்வரிசையில் இடம் பிடித்தவர், "டிரைவருடன் பேசாதீர்கள்" என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, மழை எப்படி, மாடு எப்படி, பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று டிரைவரை விசாரித்த பிறகுதான் பிரயாணம் செய்த திருப்தியை அடைகிறார். இப்படிப்பட்ட தேசத்திலிருந்து புறப்பட்டுச் சென்று, சாரதியே இல்லாத ரயிலில் ஏறி உட்கார்ந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடம் மூடியிருந்த கோடை நாட்களில் நாங்கள் மூவர் சிங்கப்பூர் போயிருந்தோம். மூவர் என்பது, இதை எழுதுகிறவர், வீட்டு அம்மாள், எழுபது வயதைத் தாண்டிய எங்கள் அத்தை. கும்பகோணத்தை விட்டு அதிகம் நகர்ந்தறியாத அத்தைக்குத் தேக்கா சந்தையைப் பார்த்ததும் பாதி ஊர் வந்துவிட்டது போல் இருந்தது. வாழையிலை, முருங்கைக்கீரை, மல்லிகைச் சரம் எல்லாம் கிடைக்கின்றன. கொஞ்ச தூரத்தில் சிராங்கூன் சாலையிலேயே வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் தெரிகிறது. அந்தச் சாலைக்குப் பக்கத்தில், பூமிக்குள், லிட்டில் இந்தியா ரயில் ஸ்டேஷன். நகரும் படிகளில் இறங்கிப் போனால், மேலே இருந்த சாம்பிராணி மணமும் சந்தை இரைச்சலும் மறைந்து, ஜில்லென்ற காற்றும் பளபளப்பான கல்தரையும் வந்துவிடுகின்றன. பெயர்ப் பலகையில் தமிழ் இருக்கிறது. மேடைக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்கும்படி நான்கு பாஷைகளில் எச்சரிக்கும் குரலில் தமிழ்க் குரலும் ஒன்று. அந்தக் குரலைக் கேட்டவுடன் அத்தை, யாரோ உறவினர் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தாள்.

மேடையின் ஓரத்தில் தண்டவாளம் கண்ணுக்கு நேராகத் தெரிவதில்லை. மேடை நெடுகிலும் கண்ணாடிச் சுவர். அதில் வரிசையாகக் கதவுகள். வண்டி வந்து நின்றால், வண்டியின் கதவும் சுவரின் கதவும் அச்சடித்தாற்போல் ஒன்றுக்கொன்று நேராக நின்று, இரண்டும் சேர்ந்து திறக்கின்றன. கொஞ்சம் முன்னே பின்னே நின்றாலும் கதவு சுவரில் முட்டும். அப்படி நின்றதை நாங்கள் பார்க்கவில்லை.

ஏறினோம். குழந்தைகள் வண்டியின் முன் கோடிக்கு ஓடினார்கள். நாங்களும் அவர்களோடு போனோம். டிரைவர் அறை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். அதன் கீழே பூட்டப்பட்ட ஒரு பெட்டி. அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே சுரங்கம் இருட்டாக வளைந்து போகிறது. தூரத்தில் ஒரு விளக்கு நெருங்கி, பக்கத்தில் வந்து, பின்னால் போய்விடுகிறது.

"ஏண்டா, ஓட்டுகிறவனைக் காணோமே?" என்றாள் அத்தை.

"இதை ஓட்ட ஆளே கிடையாது, அத்தை. தானாகவே ஓடும்."

"தானாக எதுடா ஓடும்? எங்கேயோ ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிறான். நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்."

அத்தை படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் இந்த வாக்கியத்தில் விஷயத்தின் பாதியைச் சொல்லிவிட்டாள். ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தில் சிலர் உட்கார்ந்து திரைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பிரயாணி ஒருவர் அவசரப் பொத்தானை அழுத்தினால் அவரோடு பேசவும் அவர்களால் முடியும். ஆனால் அவர்கள் வண்டியை ஓட்டுவதில்லை. ஓட்டுவது கணக்கு. ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடத்தைக் கணந்தோறும் அறிவித்துக்கொண்டே போகிறது. முன்னால் போகும் வண்டி எங்கே, அதை முட்டாமல் நிற்க இப்போதைய வேகத்தில் எவ்வளவு தூரம் வேண்டும் என்று யந்திரம் ஓயாமல் கணக்குப் போடுகிறது. கணக்கில் எங்கேயாவது சந்தேகம் தட்டினாலோ, செய்தி வருவது நின்றாலோ, உடனே பிரேக். தெரியவில்லை என்றால் நில் என்பதே அதற்குக் கற்பித்திருக்கும் முதல் பாடம். மனிதர்களில் இந்தப் பாடத்தைக் கற்றவர்கள் சொற்பம்.

இந்த வித்தை நேற்றுப் பிறந்ததன்று. 1968-இல் லண்டனில் விக்டோரியா பாதை திறந்தபோதே, ஓட்டுகிறவர் கதவை மூடிப் பொத்தானை அழுத்தினால் போதும், வண்டி அடுத்த ஸ்டேஷனில் தானே போய் நின்றது. நம் சென்னை மெட்ரோவும் 2015-இல் இந்த மாதிரியாகத்தான் ஓட ஆரம்பித்தது. அந்த ஒருவரையும் இறக்கிவிட்டு, ஆளே இல்லாமல் பொதுஜனங்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் 1981-இல் ஜப்பானின் கோபே நகரத்திலும், 1983-இல் பிரான்ஸின் லீல் நகரத்திலும் ஓடின. அவை சின்னஞ்சிறு வண்டிகள். ஆறு பெட்டி கோத்த பெரிய ரயிலை, முழுவதும் பூமிக்கடியில், ஆளில்லாமல் ஓட்டிக் காட்டியதில் சிங்கப்பூரின் வடகிழக்குப் பாதை முன்னோடிகளில் ஒன்று. ஹார்பர்ஃபிரண்ட் முதல் பொங்கோல் வரை 20 கிலோமீட்டர். திறந்தது 2003 ஜூன் 20-ந் தேதி. அதற்குப் பின்னால் அங்கே போட்ட வட்டப் பாதை, டவுன்டவுன் பாதை, தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதை ஆகிய எல்லாவற்றிலும் ஓட்டுநர் அறையே கிடையாது.

லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த ஸ்டேஷன் டோபி காட். அந்தக் காலத்தில் அங்கே ஓடிய ஓடையில் நம் தேசத்திலிருந்து போன சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்து உலர்த்தினார்களாம். அவர்கள் துறையின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இன்று அந்த இடத்தில் மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. அங்கே இறங்கி வட்டப் பாதைக்கு மாறினோம். மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பாதையில் 2016-ஆம் வருஷம் நடந்த ஒரு துப்பறியும் கதையைப் படித்திருந்தோம். அது நடந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

அந்த வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் வட்டப் பாதை வண்டிகள் திடீர் திடீரென்று நடுவழியில் நின்றன. செய்தி வருவது அறுந்ததும், கற்பித்த பாடத்தை மறவாமல், பிரேக் போட்டுக்கொண்டன. இன்ன இடம், இன்ன வண்டி, இன்ன வேளை என்று இல்லை. சில நாட்கள் ஓய்ந்திருந்து, நவம்பரில் மறுபடி தொடங்கியது. ரயில் நிபுணர்களுக்குக் காரணம் அகப்படவில்லை. சர்க்காரின் புள்ளிவிவர இளைஞர்கள் சிலரிடம் நிகழ்ச்சிக் குறிப்புகளைக் கொடுத்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓடிய ரயில்களுக்குப் போட்ட ஒரு பழைய மாதிரிப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் நேரம், இன்னொரு பக்கம் ஸ்டேஷன்களின் வரிசை; ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. அந்தப் படத்தில் கோளாறு நேர்ந்த இடங்களையெல்லாம் புள்ளிகளாகக் குறித்தார்கள். "ஸார், இந்த வரைபடமெல்லாம் எதற்கு உபயோகம்?" என்று எங்கள் வகுப்பில் வருஷந்தோறும் ஒரு பையனாவது கேட்பான். அவனுக்குச் சொல்லப் பத்திரமாக வைத்திருக்கிறோம் இந்தக் கதையை.

புள்ளிகள் தாறுமாறாக விழவில்லை. ஒரு வண்டி நின்றால் சிறிது நேரத்தில் அதற்குப் பின்னால் வந்த வண்டி நின்றது; பிறகு அதற்கும் பின்னால் வந்தது. கோளாறு, வண்டிகள் போகும் திசைக்கு நேர் எதிராக நகர்ந்துகொண்டிருந்தது! அப்படியானால் எதிர்ப்பாதையில் போகிற ஏதோ ஒன்று, தன்னைக் கடக்கிற வண்டிகளின் செய்தியைக் கெடுத்துக்கொண்டே போகவேண்டும். அந்தச் சமயங்களில் அந்த இடங்களைக் கடந்த வண்டி எது என்று தேடிப் பார்த்தார்கள். 46-ஆம் எண் வண்டி. அதன் செய்திக் கருவியில் கோளாறு. தான் ஒழுங்காக ஓடிக்கொண்டே, எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தது. ஆதலால்தான் ஒருவருக்கும் அதன்மேல் சந்தேகம் விழவில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் இப்படிப்பட்ட பெரிய மனிதர்கள் உண்டல்லவா?

இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வண்டியிலிருந்து மனிதனை இறக்கிவிட்ட பிறகு மனிதனுடைய வேலை குறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதே சிங்கப்பூரில் 2017 நவம்பரில் ஜூ கூன் ஸ்டேஷனில், புதிதாகப் பொருத்திய சமிக்ஞை முறையின் கணக்குப் பிசகால், நின்றிருந்த ஒரு வண்டியின்மேல் பின்னால் நின்ற வண்டி போய் இடித்து, 30-க்கு மேற்பட்டோர் காயம் அடைந்தார்கள். அது ஓட்டுநர் உள்ள வண்டி. அதற்கு அடுத்த மாதம் டில்லியில், ஓட்டுநரின்றி ஓடுவதற்காகத் தயாரித்த ஒரு மெட்ரோ வண்டி, சோதனையின்போது டிப்போச் சுவரை இடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டிற்று. பழுது பார்த்த பின் பிரேக்கைச் சரிபார்க்கத் தவறியது மனிதர். ஆகையால் யந்திரம் பெரிதா, மனிதன் பெரிதா என்ற பட்டிமன்றத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

பொங்கோலுக்குப் போனபோது நல்ல வெயில். அங்கேயும் பக்கத்துச் செங்காங்கிலும் வீடுகளுக்கு நடுவே, தூண்களின்மேல், ரப்பர்ச் சக்கரங்கள் வைத்த குட்டி ரயில்கள் வளைந்து வளைந்து போகின்றன. ஒரு பெட்டி அல்லது இரண்டு பெட்டி. இவற்றிலும் ஆள் கிடையாது. 1999-இல் புக்கிட் பாஞ்சாங் என்னும் பேட்டையில் முதலில் போட்ட குட்டி ரயிலில் ஒரு வேடிக்கை: அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும் இடங்களில் வண்டியின் ஜன்னல் கண்ணாடி தானாகவே வெள்ளையாக மங்கிவிடும், வீடு தாண்டியதும் தெளிந்துவிடும். பிறர் வீட்டு அடுக்களையை எட்டிப் பார்க்கக்கூடாது என்ற மரியாதையை யந்திரத்துக்குக் கற்பித்திருக்கிறார்கள். அத்தைக்கு அந்த நாட்டில் எல்லாவற்றையும்விட இதுதான் பிடித்தது.

இத்தனை பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். சுமார் 730 சதுர கிலோமீட்டர் நிலம். 60 லட்சம் ஜனங்கள். அங்கே கார் வைத்துக்கொள்ளவே தனியாக உரிமைச் சீட்டு வாங்கவேண்டும். 1990 முதல் அது ஏலத்தில் விடப்படுகிறது. பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். சமீப வருஷங்களில் சில ஏலங்களில் 1 லட்சம் சிங்கப்பூர் டாலரையும் தாண்டியிருக்கிறது. ஆதலால் உத்தியோகஸ்தரும் கூலிக்காரரும் ஒரே ரயிலில்தான் போகவேண்டும். ஆளில்லாத ரயிலின் உண்மையான லாபம் ஓட்டுநரின் சம்பளம் அன்று. கூட்டம் அதிகமானால், ஓய்வில் இருக்கும் ஓட்டுநரைத் தேடிக் கூப்பிட வேண்டாம். டிப்போவில் நிற்கும் வண்டியை அந்தக் கணமே பாதையில் சேர்த்துவிடலாம். நீளமான வண்டியை மெதுவாக விடுவதற்குப் பதிலாகச் சிறிய வண்டிகளை இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாக விடலாம். ஸ்டேஷனில் காத்து நிற்கும் ஏழைக்கு மிச்சமாவது நேரம்.

ரயில் விஷயம் இவ்வளவு. சாலை வேறு. சுரங்கத்துக்குள் மாடு வராது, குடை பிடித்த கிழவர் குறுக்கே வரமாட்டார். சாலையில் எல்லாரும் வருவார்கள். அதனால்தான் ரயிலுக்குச் சுலபமாகக் கைவந்த வித்தை பஸ்ஸுக்கு எளிதில் படியவில்லை. சிங்கப்பூரில் ஒன்-நார்த் என்ற பகுதியில் 2016 ஆகஸ்டிலேயே தானியங்கி டாக்சியில் பொதுஜனங்களை ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அது ஒரு லாரியோடு உரசியது. நன்யாங் பல்கலைக்கழகத்தில் இவற்றைப் பரீட்சிப்பதற்கென்றே சிக்னல், பஸ் நிறுத்தம் எல்லாம் வைத்து ஒரு சின்னச் சாலையே அமைத்தார்கள். மழை பொழிவிக்கும் யந்திரமும் அங்கே உண்டு. மழையில் யந்திரக் கண்ணுக்கும் நம் கண்ணைப் போலவே மங்கல் தட்டுகிறதாம். 2019-இல் செந்தோசாத் தீவில் கூப்பிட்டால் வரும் ஆளில்லா பஸ்களை 5.7 கிலோமீட்டர் பாதையில் சில மாதங்கள் ஓட்டினார்கள். உள்ளே ஒரு காவல் ஆள் உட்கார்ந்திருந்தார். பொங்கோல் முதலிய மூன்று பேட்டைகளில் 2022 முதல் ஆளில்லா பஸ்கள் ஓடும் என்று 2017-இல் அறிவித்தார்கள். 2022 வந்தது, பஸ் வரவில்லை. 2025-இல் நிலப் போக்குவரத்து ஆணையம் பொங்கோலுக்கே மறுபடி திட்டம் வகுத்து, இரண்டு கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தது. முதலில் காவல் ஆளோடு ஓட்டுவது, பிறகு பார்ப்பது என்று ஏற்பாடு. அவசரப்படாமல் இருப்பதும் ஒரு திறமைதான்.

பொங்கோல் பஸ் நிலையத்தில் ஒரு காட்சி கண்டோம். சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள் காத்திருந்தார். பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் தம் இடத்தை விட்டு எழுந்து, நடுக்கதவுக்கு வந்து, தரையோடு மடித்து வைத்திருந்த பலகையை விரித்துச் சரிவாகப் போட்டு, நாற்காலியை உள்ளே தள்ளி, அதற்குரிய இடத்தில் நிறுத்திவிட்டு, "எங்கே இறங்கவேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு திரும்பினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த ஓட்டுநர் தமிழர். ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர்.

"ஆளில்லாத பஸ் வந்துவிட்டால் இதை யார் செய்வார்கள்?" என்று அவரிடம் கேட்டோம்.

"அதைத்தான் சார் நாங்களும் கேட்கிறோம். அதற்கும் ஒரு மிஷின் வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் இந்த அம்மா தினமும் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார். மிஷினிடம் கேட்பாரா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். புறப்படும் நேரம் ஆகிவிட்டதால் மேலே பேச முடியவில்லை.

சிங்கப்பூருக்கு ஓட்டுநர்கள் போதவில்லை. மலேசியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் வரவழைக்கிறார்கள். ஆள் இல்லாத இடத்தில் ஆளில்லா வண்டி வருவது நியாயம். நம் நிலைமை வேறு. எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் பஸ் டிரைவரின் மக்கள். ஆட்டோ ஓட்டுகிறவரின் மக்கள் அதைவிட அதிகம். ஸ்டீயரிங் சக்கரத்தைப் பிடித்த கையால்தான் அவர்களுக்குச் சம்பளமும் புஸ்தகமும் வருகின்றன. யந்திரம் வந்தால் அவர்கள் வேறு தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்வது, சொல்கிறவருக்குச் சுலபம்.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. பாரிஸ் நகரத்தில் 1900-இல் திறந்த முதலாவது மெட்ரோப் பாதையை, ஓட்டத்தை நிறுத்தாமலே, 2011-லும் 2012-லும் படிப்படியாக ஆளில்லாத பாதையாக மாற்றினார்கள். அதில் ஓட்டியவர்களைத் தெருவில் விடவில்லை. மற்றப் பாதைகளுக்கும் மற்ற உத்தியோகங்களுக்கும் மாற்றினார்கள். நம் தேசத்தில் 2020 டிசம்பர் 28-ந் தேதி டில்லியின் மெஜந்தா பாதையில் முதல் ஆளில்லா ரயில் ஓடிற்று. சென்னையில் சுமார் 119 கிலோமீட்டர் நீளத்துக்கு மூன்று பாதைகளாக வகுத்த இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கும் ஓட்டுநர் அறையில்லாத வண்டிகளையே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஸ்ரீசிட்டியில் தயாரான முதல் வண்டி 2024-இல் பூந்தமல்லி டிப்போவுக்கு வந்தது. இவை புதிய பாதைகள். இருந்த ஆளை இறக்கிவிட்டு ஓடுகிறவை அல்ல. இதில் நாங்கள் ஆட்சேபிக்க ஒன்றும் காணவில்லை. அவற்றின் செய்திக் கருவிகளைப் பழுது பார்க்கவும், புள்ளி வைத்து 46-ஆம் எண்ணைக் கண்டுபிடிக்கவும் நம் பிள்ளைகளைத் தயார் செய்கிறோமா என்பதே எங்கள் கவலை. இன்னமும் வரைபடத் தாளை மனப்பாடம் செய்யத்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

சாலை பஸ் விஷயத்தில் எங்கள் அபிப்பிராயம் வேறு. பட்டணத்து அகன்ற வீதியில் பணக்காரர் வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டவுடன் வந்து நிற்கும் ஆளில்லாக் கார்கள் நெருக்கடியைக் கூட்டுமே தவிரக் குறைக்கமாட்டா. காலியாகவே சுற்றிக்கொண்டிருக்கும் கார் என்ற புதிய தொல்லையும் அவற்றோடு சேரும். இரவு ஒன்பது மணிக்குமேல் பஸ்ஸே இல்லாத கிராமங்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிரசவ வலி எடுத்தவளும், கடைசி ரயிலில் வந்து இறங்கியவனும் விடியும் வரையில் காத்திருக்கிறார்கள். டிரைவரும் கண்டக்டரும் போட்டுக் கட்டுப்படியாகாது என்று சர்க்கார் விட்டுவிட்ட அந்த நேரத்துக்கு, பத்துப் பேர் ஏறும் ஒரு சிறிய வண்டி போதும். அங்கே யாருடைய சோறும் பறிபோகாது. ஆனால் அந்தச் சாலையில்தான் நெல் காய்கிறது, ஆடு படுத்திருக்கிறது, விளக்கில்லாத மாட்டு வண்டி எதிரே வருகிறது. நன்யாங்கில் மழையைப் பொழிவித்தவர்கள் மாட்டு வண்டியையும் சேர்த்துக்கொண்டார்களா என்று தெரியவில்லை. அதை நாம்தான் செய்தாகவேண்டும். பிறர் செய்து தரமாட்டார்கள்.

பொங்கோலுக்கு அப்பால், 2024 டிசம்பர் 10-ந் தேதி திறந்த பொங்கோல் கோஸ்ட் வரை போய்ப் பாதை முடிகிறது. அங்கே இறங்கி அத்தை பெஞ்சில் உட்கார்ந்தாள். வந்த வண்டி பிரயாணிகளை இறக்கிவிட்டு, சிறிது நேரத்தில், ஒருவரும் சொல்லாமலே புறப்பட்டுத் திரும்பிப் போயிற்று. அத்தை அதன் பின்புற ஜன்னலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த நாற்காலி அம்மாள் வீடு போய்ச் சேர்ந்திருப்பாளா?" என்று கேட்டாள்.